நாலாவது அறை

"சாவியை மட்டும் கொடுத்துவிடாதே" என்று போன வாரம் முழுக்கக் கடிதம் எழுதி முத்துலெட்சுமி ஆச்சிக்குப் புத்தி சொன்ன வாசகிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை பசியாறுவதற்கு முன்பே கொடுத்துவிட்டாள். என் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கேட்டவர்கள் அப்படிக் கேட்டார்கள்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மலேசியாவில், ரந்தாவிலிருந்து போர்ட் டிக்சன் போகிற வழியில், ரப்பர்த் தோட்டத்து மேட்டில் பழைய துரை பங்களா ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, சிரம்பானில் வியாபாரம் செய்த ஆதப்பனும் அவர் தம்பி கண்ணப்பனும் சேர்ந்து அதை வாங்கினார்கள். ஆதப்பன் குடிவந்தார். தம்பி சிரம்பானிலேயே இருந்துகொண்டார். ஆதப்பன் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளையில்லை. அவர் மனைவி முத்துலெட்சுமி மட்டும் அங்கே தனியாக, பங்களாவின் நான்கு அறைகளில் கிழக்கு அறையில் படுத்து, பகலில் அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காலம் தள்ளினாள்.

அந்தச் சாவி சாதாரணச் சாவியல்ல. செட்டிநாட்டு வழக்கப்படி கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வீட்டில் ஓர் அறை. அதில் அவன் பெண்டாட்டியின் சீர் சாமான்கள். அதன் சாவி அவள் இடுப்பில். மாமியார்கூட அந்த அறையைத் திறக்கமாட்டாள். கடல் தாண்டி வந்தும் ஆச்சி விடாமல் வைத்திருந்தது இந்த ஒன்றைத்தான்.

இப்போது மலேசியாவைச் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கடலுக்கு வருகிற சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பங்களாவை நாள் வாடகைக்கு விடலாம் என்று கண்ணப்பனுக்கு யோசனை வந்துவிட்டது. அதற்குக் கவுன்சிலில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். வாடகைக்கு விட நான்கு அறை காட்டினால்தான் லைசென்ஸ். மூன்று என்றால் கிடையாது.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

கண்ணப்பனும் அவர் மனைவி தைலம்மையும் காரில் வந்து இறங்கினார்கள். பின் சீட்டில் புது மெத்தை விரிப்புகள், கண்ணாடி, தீயணைக்க மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள்.

"இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான், அண்ணமிண்டி" என்றார் கண்ணப்பன். அண்ணன் மனைவியை அவர் ஒருநாளும் மரியாதை குறைத்துக் கூப்பிட்டதில்லை. "இன்ஸ்பெக்டர் வந்து எண்ணிப் பார்த்துட்டுப் போயிரட்டும். சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள்ள சாவி ஒங்க கையில இருக்கும். அண்ணன் மேல சத்தியம்."

"என் சாமானெல்லாம்?"

"கொட்டகையில பத்திரமா வைக்கிறோம் ஆச்சி" என்றாள் தைலம்மை. "ஒங்க சாமான் வேற, எங்க சாமான் வேறயா?"

 கண்ணப்பன் குரலை இறக்கினார்.

"லைசென்ஸ் கிடைக்கலைன்னா விக்கிறதைத் தவிர வழியில்ல. அப்புறம் அண்ணன் கண்ணை மூடின வீட்டுல யாரோ ஒரு சீன டௌக்கே கோழி வளப்பான். அது சம்மதம்னா சொல்லிருங்க."

ஆச்சி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

அறை காலியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? முப்பது வருஷக் குடித்தனம், மூன்று நடையில் போயிற்று. வெங்கலப் பானைகள், எவர்சில்வர் அடுக்குகள், தேக்குப் பெட்டி எல்லாவற்றையும் தோட்டத்து ஆட்கள் பின்பக்கக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். கடைசியில் சுவரில் ஆதப்பனின் படம் மட்டும் இருந்தது. கண்ணப்பன் அதைத் தானே கழற்றினார். கழற்றிவிட்டு ஆணியை அசைத்துப் பார்த்தார்.

"நல்ல ஆணி" என்றார். அதிலேயே ஒரு கடற்கரைப் படத்தை மாட்டினார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த அத்தியாயத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். தைலம்மைக்குத்தான் இன்னொரு யோசனை வந்தது.

"இன்ஸ்பெக்டர் வர்றப்ப ஆச்சி யாருன்னு கேட்டா என்ன சொல்றது? வீட்டு ஆளுன்னா, எந்த ரூம்ல படுக்குறாகன்னு கேப்பாக."

"சமையல்காரின்னு சொல்லிட்டாப் போச்சு" என்றார் கண்ணப்பன். யோசிக்கவேயில்லை. வீட்டிலேயே யோசித்துக்கொண்டு வந்தவர் அப்படித்தான் சொல்வார்.

"வெள்ளைச் சேலையில சமையல்காரியா?" என்றாள் தைலம்மை. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பஞ்சாலையைக் கூப்பிட்டாள். "ஒங்கிட்ட தொவைச்ச கைலி ஒண்ணு இருக்கா?"

பஞ்சாலை பங்களாவில் கூட்டித் துடைக்கிறவள். கீழே லயத்தில், வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் இருப்பவள். விஷயம் புரிந்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"என் கைலியையா? ஆச்சிக்கா? வேணாங்க, பாவம் புடிச்சிரும்."

"ஒரு மணி நேரத்துக்குத்தான் லா" என்றார் கண்ணப்பன். "போய் எடுத்துட்டு வா."

முத்துலெட்சுமி ஆச்சி மறுத்திருக்கலாம். குளியலறைக்குப் போய்க் கைலியும் சட்டையும் மாற்றிக்கொண்டு வந்தாள். வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தாள். பாவிகள் இருவரும் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். தைலம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள் என்பதை அவள் கணக்கில் ஒரு நல்ல குணமாக எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மோட்டார் சைக்கிளில் வந்தாள். பாஜு குரோங் என்ற மலாய் உடை, கழுத்தில் கவுன்சில் அட்டை, கையில் அளவு டேப், டார்ச் லைட். முப்பதைத் தொடவில்லை.

"செலாமாட் பாகி, சிக்" என்று கண்ணப்பன் வாசற்படி இறங்கி வந்து மலாயில் வணக்கம் சொல்லிக் குனிந்தார்.

"தமிழ்லயே பேசலாம் செட்டியாரே. என் பேரு டோரின். நான் இந்தத் தோட்டத்துல பொறந்தவதான்."

"அப்படியா? ரொம்ப சந்தோசம். எந்தக் குடும்பம்?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நாங்க பின்னாடி வழியா வந்து போனவங்க."

சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்தாள். மணல் வாளியைக் காலால் நகர்த்திப் பார்த்தாள். ஜன்னல் ஜன்னலாக அளந்தாள். கண்ணப்பன் பின்னாலேயே ஓடினார். சிரம்பானில் நாற்காலியை விட்டு எழாத மனுஷன் அவர்.

சமையல்கட்டு வாசலில் டோரின் நின்றாள். அடுப்படியில் ஆச்சி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பஞ்சாலை.

"இவங்க யாரு?"

"சமையல்காரி" என்றார் கண்ணப்பன். "தோட்டத்து ஆளுதான்."

"பேரு?"

ஆச்சிக்குப் பேரும் மாற்ற வேண்டியிருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

"மாரியம்மா" என்றாள் தைலம்மை.

"எந்த லயம், மாரியம்மா?"

இருபது வருஷத்துக்கு மேல் மேட்டில் இருந்தவளுக்கு, கீழே எத்தனை லயம் என்று தெரியாது. அவள் வாயைத் திறக்கும் முன் பஞ்சாலை முந்திக்கொண்டாள்.

"என் வூடுதான் மேடம். என்கூடத்தான் இருக்குது."

"நல்லது" என்றாள் டோரின். "கைய காட்டுங்க."

ஆச்சி திரும்பிக் கையை நீட்டினாள். டோரின் நகங்களைப் பார்த்தாள். திருப்பி உள்ளங்கையையும் பார்த்தாள். ரப்பர்ப் பால் படாத கை. 

"வெயில்ல வந்தது தாகமா இருக்கு. தண்ணி குடுங்க."

ஆச்சி கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். டோரின் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கிளாஸ்லயே குடுத்துட்டீங்க" என்றாள்.

அப்போதுதான் ஆச்சிக்கு அந்த முகம் தெரிந்தது.

லோங்காங் அந்தோணிதாஸ். பங்களாவைச் சுற்றியிருந்த லோங்காங்குகளை, அதாவது சாக்கடைகளை, சுத்தம் செய்ய வாரம் ஒருமுறை வருவான். கூடவே பூப்போட்ட கவுன் போட்ட சின்னப் பெண் ஒன்று வரும். வெயிலில் நின்று நின்று தண்ணீர் கேட்கும். ஆச்சி செம்போடு பின்பக்கப் படிக்கு வருவாள். "கையை ஏந்து" என்பாள். செம்பு அதன் மேல் பட்டுவிடக்கூடாது என்று தோள் உயரத்திலிருந்து ஊற்றுவாள். பாதி வாய்க்குப் போகும், பாதி கவுனில் போகும். தண்ணீர் இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அதைப் புண்ணியம் என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டோரின் பாதி குடித்தாள். மீதியோடு டம்ளரை நீட்டினாள்.

"கழுவி வெச்சிடுங்க. நான் பார்க்கணும், எப்படிக் கழுவுறீங்கன்னு."

லோங்காங் அந்தோணிதாஸின் மகள் வாய் வைத்த டம்ளரை முத்துலெட்சுமி ஆச்சி சோப்புப் போட்டுக் கழுவினாள். இவள் நம்மைக் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்கக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது அவள் மனதில் இருந்தது.

கடைசியாக நாலாவது அறை. டோரின் கட்டிலைப் பார்த்தாள், விரிப்பைப் பார்த்தாள், கடற்கரைப் படத்தைப் பார்த்தாள். படத்தைச் சுற்றிச் சுவரில் வெளிறிய சதுரம் ஒன்று தெரிந்தது. அந்த இடத்தில் இதைவிடப் பெரிய படம் ஏதோ ரொம்ப நாள் இருந்திருக்கிறது. அறையில் இன்னும் விபூதி வாசம் போகவில்லை.

"இந்த ரூம்ல ஆள் இருந்தாங்களா?"

"ஸ்டோரா கிடந்துச்சு" என்றார் கண்ணப்பன்.

"நான் அவங்களக் கேக்கறேன்." டோரின் கதவோரம் நின்ற ஆச்சியிடம் திரும்பினாள். "மாரியம்மா, நீங்க சொல்லுங்க. வீட்டு மனுசங்க யாராச்சும் இந்த ரூம்ல இருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. மூணு ரூம்தான்னு எழுதிட்டுப் போயிடுவேன். அவங்கள யாரும் அசைக்க முடியாது."

கண்ணப்பனின் நெற்றி வேர்த்தது. தைலம்மை கழுத்துச் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வார்த்தை போதும். "நான் இருக்கேன்" என்றால் போதும். அறை அவளுடையது. உங்களைப் போல எனக்கும் அந்த இடத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், கைலி கட்டி நிற்கிறவள் பங்களா ஆச்சி என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். சொந்தக் கொழுந்தனே வேலைக்காரி வேஷம் போட்டு நிறுத்தியிருக்கிறான் என்று தெரிந்துவிடும். லயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

அறை போனாலும் பரவாயில்லை, அது மட்டும் தெரியக்கூடாது என்று ஆச்சி முடிவு செய்தாள். முட்டாள்தனம்தான். வீறாப்பில் செய்வதில் பாதி முட்டாள்தனம்தான்.

"யாரும் இல்லீங்க" என்றாள்.

டோரின் அளவு டேப்பைச் சுருட்டினாள். பிறகு கண்ணப்பனிடம் திரும்பினாள்.

"நாலு ரூம் ஓகே. லைசென்ஸ் அடுத்த வாரம் வந்துடும். ஒரு கண்டிஷன். சமையல்காரம்மா ராத்திரி இங்க தங்கக் கூடாது. விருந்தாளிங்க தங்கற கட்டடத்துல வேலை ஆளுங்க படுக்கறது தாக் போலே, முடியாது. சொல்லாம வந்து பார்ப்பேன். இருந்தாங்கன்னா லைசென்ஸ கேன்சல் பண்ணிடுவேன்."

"கட்டாயம். கட்டாயம்" என்றார் கண்ணப்பன்.

தலையில் கவசத்தை மாட்டிக்கொண்டு டோரின் மோட்டாரில் ஏறியபோது, கண்ணப்பன் இன்னும் உள்ளே தைலம்மையிடம் கை தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆச்சி மட்டும் பின்பக்கப் படியில் நின்றிருந்தாள். டோரின் வண்டியைச் சுற்றி ஓட்டி அந்தப் படியருகே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"வர்றேன் ஆச்சி" என்றாள்.

ஆச்சி படிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுப்படியில முதுகைப் பார்த்தப்பவே தெரிஞ்சது. நிக்கிற தோரணை மாறலியே உங்களுக்கு" என்றாள் டோரின். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "நீங்களா சொல்லுவீங்கன்னு ஒரு வாட்டி கேட்டுப் பார்த்தேன். இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகலை. நீங்க யாரு, அந்த ரூம் யாருதுன்னு கவுன்சில் கவுண்டர்ல வந்து சொன்னீங்கன்னா லைசென்ஸ நிறுத்திடுவேன். திங்கக்கிழமை வாங்க. நான்தான் இருப்பேன்."

மோட்டாரைக் கிளப்பினாள். பிறகு, மறந்துபோனதை நினைத்துக்கொண்டவள் போல, "கை ஏந்த வேணாம் ஆச்சி. சும்மா வந்தாப் போதும்" என்றாள்.

சாயங்காலம் ஆச்சி வெள்ளைச் சேலைக்கு மாறிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். விளக்கு ஏற்றியிருந்தது. சத்தியத்தைக் கண்ணப்பன் மறக்கவில்லை. எழுந்து வந்து, மரியாதையாக, இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தார்.

ஆச்சி சாவியைப் பார்த்தாள். "இது அறைச் சாவி இல்லையே."

"கொட்டகைச் சாவி. ஒங்க சாமானெல்லாம் அங்கதானே இருக்கு."

"அறை?"

"அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டீகல்ல. எந்நேரமும் வந்து பார்ப்பாளாம். நான் என்ன செய்ய முடியும், அண்ணமிண்டி?"

"நான் எங்க போறது கண்ணப்பா?"

தைலம்மை புது விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே பதில் சொன்னாள். "சிரம்பானுக்குக் கூப்பிடலாம்னா பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். அவ வீட்டுலதான் இருக்காகன்னு பஞ்சாலையே சொல்லிட்டாளே. கொஞ்ச நாளைக்கு அங்கேயே இருங்க ஆச்சி."

"இது என் புருசன் வீடு."

"யாரு இல்லைன்னா?" என்றார் கண்ணப்பன் மெதுவாக. "யாரும் இல்லைன்னு நீங்கதானே ஒங்க வாயால சொன்னீக. நான் சொல்லச் சொன்னேனா?"

சொல்லச் சொல்லவில்லைதான். அது உண்மை. ஆச்சி வாசலை நோக்கித் திரும்பினாள்.

"நாளைக்கு சிங்கப்பூர் ஆளுக வர்றாக" என்று தைலம்மை பின்னாலிருந்து சொன்னாள். லைசென்ஸ் வரும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமையில்லை. "காலையில பசியாற இட்லி வேணுமாம். வர்றப்ப அந்தக் கைலியிலயே வந்திருங்க. பின்பக்கம் திறந்திருக்கும்."

ஆதப்பனின் படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு முத்துலெட்சுமி ஆச்சி மேட்டிலிருந்து இறங்கினாள். முன்னால் பஞ்சாலை நடந்தாள். மடித்த கைலி அவள் கக்கத்தில் இருந்தது. லயத்து வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று பயந்துதானே அவள் அறையைக் கொடுத்தாள்.

பஞ்சாலை வீட்டில் ஒரே அறை. அவள் பாயை உதறிப் போட்டாள். படத்தை வைக்கச் சாமி மாடத்தில் இடம் ஒதுக்கினாள். ஆச்சி சுவரோரம் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு மோட்டார நிறுத்தி ஏதோ சொல்லிச்சே. அடுப்படியிலேருந்து எனக்கும் கேட்டுச்சு ஆச்சி. திங்கக்கிழமை போவீங்களா?"

 போனால் அறை கிடைக்கும். டோரின் மேசைக்கு முன்னால் நிற்கவேண்டும். போகாவிட்டால் இந்தப் பாய்.

"தண்ணி குடு" என்றாள்.

பஞ்சாலை பானையைத் திறந்து தகர மங்குக் குவளையில் தண்ணீர் மொண்டாள். கொடுக்க வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். கண்ணில் கலக்கம்.

"உங்க செம்பெல்லாம் மேல கொட்டகையில இருக்கே ஆச்சி. எங்க மங்குல நீங்க வாய் வைக்க மாட்டீங்களே."

வீட்டில் வேறு பாத்திரம் எதையாவது தேடினாள். எல்லாம் அவர்கள் புழங்கியது. அவளுக்குத் தெரிந்த மரியாதை ஒன்றே ஒன்றுதான். இதே ஆச்சியிடம் கற்றுக்கொண்டது. மங்கு ஆச்சியின் மேல் பட்டுவிடாமல் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"கைய ஏந்துங்க ஆச்சி. மேலேருந்து ஊத்தறேன்."

ஆச்சிக்கு நல்ல தாகம். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள். பாதி வாய்க்குப் போயிற்று. பாதி சேலையில் போயிற்று.